ஒன்றியம் யார், மாவட்டம் யார், கையெழுத்து யாருடையது? கொங்குப் பகுதிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ, பெருந்துறை சிப்காட்டுக்கோ, கோவையில் ஒரு வேலைக்கோ வந்து, கடனை வாங்கி சைட் வாங்கி, வீடும் கட்டிவிட்டீர்கள். அதுவரைக்கும் சரி. அப்புறம் வாசலில் கழிவுநீர் தேங்குகிறது, தெருவிளக்கு இல்லை, குடிதண்ணீர்க் குழாய் உங்கள் வீதிக்கு முன்னாலேயே நின்றுபோகிறது. பக்கத்தில் விசாரித்தால், "ஒன்றியத்தைப் போய்ப் பாருங்க", "மாவட்டம் சொன்னாத்தான் நடக்குமுங்க", "சேர்மன் காதுல ஒரு வார்த்தை போட்டு வைங்க" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இதில் எது கட்சிப் பதவி, எது அரசுப் பதவி என்று வெளியூர்க்காரருக்குச் சட்டென்று பிடிபடாது.

எங்கள் வீதி ஊத்துக்குளிப் பக்கம் ஓர் ஊராட்சியில் இருக்கிறது. சாக்கடை கேட்டு வீதிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அலைந்தோம். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைப் படிப்படியாக எழுதுகிறேன். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இது பொருந்தும். நீங்கள் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறீர்கள் என்பதும் இதற்குத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். மாநிலக் கட்சி ஒவ்வொன்றுக்கும் கட்சிக்குள்ளே ஒரு பதவி வரிசை உண்டு. அதே கட்சிக்காரர்கள் தேர்தலில் ஜெயித்து உட்காரும் அரசுப் பதவி வரிசை வேறு. முதல் வரிசையில் இருப்பவர் சொன்னால் கதவு திறக்கும். ஆனால் கோப்பு நகர்வது இரண்டாவது வரிசையின் கையெழுத்தில்தான். பல நேரம் ஒரே ஆள் இரண்டிலும் இருப்பார், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1. உங்கள் வீட்டின் எல்லைகளைக் குறித்து வையுங்கள்

ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: வருவாய் மாவட்டம், வட்டம், ஊராட்சி ஒன்றியம் அல்லது மாநகராட்சி வார்டு, சட்டமன்றத் தொகுதி, மக்களவைத் தொகுதி. இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று நினைத்துவிடாதீர்கள். கொங்குப் பகுதியில் பெரும்பாலும் ஒத்துப்போகாது.

எங்கள் ஊத்துக்குளியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டம் திருப்பூர், ஆட்சியர் இருப்பது பல்லடம் ரோட்டில். சட்டமன்றத் தொகுதியோ ஈரோடு மாவட்டத்தின் பெருந்துறை. மக்களவைத் தொகுதி மறுபடியும் திருப்பூர். திருப்பூர் மாவட்டத்து எட்டுத் தொகுதிகளையும் பார்த்தால் இன்னும் வேடிக்கையாக இருக்கும். திருப்பூர் வடக்கும் தெற்கும் திருப்பூர் எம்.பி.யிடம், அவிநாசி நீலகிரி எம்.பி.யிடம், பல்லடம் கோவை எம்.பி.யிடம், காங்கேயமும் தாராபுரமும் ஈரோடு எம்.பி.யிடம், உடுமலையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சி எம்.பி.யிடம் போகின்றன. ஒரே மாவட்டத்துக்கு ஐந்து எம்.பி.க்கள். "எங்க எம்.பி. திருப்பூர்காரர்தானே" என்று அவிநாசியில் இருந்துகொண்டு மனு எழுதினால் அது தவறான மேசைக்குப் போய்க் கிடக்கும்.

கட்சிகள் தங்கள் வசதிக்குத் தனியாக மாவட்டம் பிரித்து வைத்திருக்கின்றன. வருவாய்க் கணக்கில் கோயம்புத்தூர் ஒரே மாவட்டம். கட்சிக் கணக்கில் மாநகர், வடக்கு, தெற்கு என்று மூன்றாக இருக்கும். ஆகவே "மாவட்டச் செயலாளர்" என்று ஒருவரைக் காட்டினால், உங்கள் தொகுதி அவருடைய கட்சி மாவட்டத்தில் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த விவரத்தை எல்லாம் வாக்காளர் பட்டியலில் இருந்தே எடுக்கலாம். சொந்த ஊரிலேயே ஓட்டை வைத்திருப்பவர்கள் படிவம் 8 கொடுத்து இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். கட்டணம் கிடையாது, இணையத்திலும் செய்யலாம், வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் கொடுக்கலாம். மனு கொடுக்க ஓட்டு கட்டாயமில்லை. ஆனால் கட்சிக்காரர் கேட்கும் முதல் கேள்வியே "உங்க ஓட்டு எந்த பூத்துங்க?" என்பதுதான். வாக்காளர் பட்டியலில் உங்கள் பூத்தைக் குறிக்கும் பாகம் எண்ணையும், அதில் உங்கள் வரிசை எண்ணையும் சொல்ல முடிந்தால் அடுத்த பேச்சு வேறு விதமாக இருக்கும்.

2. கட்சிக்குள் யார் எங்கே

கட்சிக்குக் கட்சி பெயர் கொஞ்சம் மாறும். அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். கிராமத்தில் அடிமட்டம் கிளை, அதற்கு ஒரு கிளைச் செயலாளர். கிளைகள் சேர்ந்தது ஒன்றியம். பேரூராட்சியில் பேரூர்ச் செயலாளர், நகராட்சியில் நகரச் செயலாளர். மாநகராட்சியில் வார்டு அளவில் வட்டச் செயலாளர், பல வட்டங்கள் சேர்ந்த பகுதிக்குப் பகுதிச் செயலாளர். இவர்கள் எல்லோருக்கும் மேலே மாவட்டச் செயலாளர், அதற்கும் மேலே சென்னையில் தலைமைக் கழகம், செயற்குழு, பொதுக்குழு.

பேச்சில் ஆளின் பெயரையே சொல்ல மாட்டார்கள். ஒன்றியச் செயலாளரை "ஒன்றியம்" என்றும் மாவட்டச் செயலாளரை "மாவட்டம்" என்றும் சொல்லிவிடுவார்கள். "ஒன்றியம் வந்துட்டாருங்களா?" என்று டீக்கடையில் கேட்டால் கட்சிக்காரரைக் கேட்கிறார்கள். "ஒன்றிய ஆபீஸ்" என்றால் அரசின் ஊராட்சி ஒன்றிய அலுவலகம். இரண்டும் வேறு வேறு.

இவர்கள் போக இளைஞரணி, மகளிரணி, மாணவரணி, வழக்கறிஞர் அணி என்று அணிகள் இருக்கும். தொழிற்சங்கம் தனி. தி.மு.க.வுக்குத் தொ.மு.ச., அ.தி.மு.க.வுக்கு அண்ணா தொழிற்சங்கம். மில், பஸ் டிப்போ, மின்வாரியம் சம்பந்தப்பட்ட சிக்கல் என்றால் சங்கத்துக்காரர் சொல்லும் வழி மற்றவர்கள் சொல்வதைவிடச் சரியாக இருக்கும்.

வீதிப் பிரச்சினைக்கு நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது கிளைச் செயலாளரையும், உங்கள் பூத்துக்குக் கட்சி போட்டிருக்கும் பாக முகவரையும்தான். பெரிய ஆளைத் தெரியும் என்று நேரே மேலே போகாதீர்கள். மேலே போன மனு திரும்பக் கிளைக்குத்தான் விசாரணைக்கு வரும். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்று அவர் நினைத்துவிட்டால் அங்கேயே ஆறிப்போகும். கிளைச் செயலாளரிடம் அதிகாரம் ஒன்றும் கிடையாது. ஆனால் எந்த வீதியில் எத்தனை வீடு, யார் நிலத்தில் தண்ணீர் இறங்குகிறது, போன தடவை இதே வேலை ஏன் நின்றது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்று சிலர் படிவத்தை நீட்டுவார்கள். விருப்பம் இருந்தால் சேருங்கள், அது உங்கள் உரிமை. மனுவுக்கும் உறுப்பினர் அட்டைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

3. அரசுக்குள் யாருக்கு என்ன அதிகாரம்

கிராமப்புறத்தில் ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னத்தில் ஜெயித்து வருவதில்லை. அந்தத் தேர்தலே கட்சி சார்பற்றது. ஆளுக்குக் கட்சி இருக்கும், பதவிக்குக் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலரும் மாவட்டக் கவுன்சிலரும் கட்சிச் சின்னத்தில் வருகிறவர்கள். ஒன்றியக் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பவர்தான் "சேர்மன்". நகரங்களில் கவுன்சிலர் கட்சிச் சின்னத்தில் வருவார். மேயரையும் நகராட்சித் தலைவரையும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள். கோவை மாநகராட்சியில் 100 வார்டு, திருப்பூரிலும் ஈரோட்டிலும் 60, 60.

உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போகும் காலத்தில் இந்த நாற்காலிகள் காலியாக இருக்கும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி நிர்வாகங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும், பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. அப்படிப்பட்ட சமயத்தில் "முன்னாள் தலைவர்" வீட்டு வாசலில் காத்திருந்து பயனில்லை. கையெழுத்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் இருக்கும். அந்த அலுவலரிலும் இரண்டு பேர் உண்டு. கிராம ஊராட்சிகளுக்கு ஒருவர், வட்டார ஊராட்சிக்கு ஒருவர். ஊராட்சிச் சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் என்றால் "கி.ஊ." என்று பலகை போட்ட அறைக்குப் போங்கள். பக்கத்து அறையில் கொடுத்துவிட்டால் அது இந்த அறைக்கு நடந்து வர நாளாகும்.

எம்.எல்.ஏ. தன் கையால் எந்த வேலைக்கும் உத்தரவு போட முடியாது. அவரால் முடிந்தது மூன்று. தொகுதி மேம்பாட்டு நிதியில் இருந்து வேலையைப் பரிந்துரைக்கலாம், துறைக்குக் கடிதம் எழுதலாம், சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம். அந்த நிதி ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி. பரிந்துரை மாவட்ட ஆட்சியருக்குப் போகும். கிராமப்புற வேலையை ஊரக வளர்ச்சி முகமை பார்க்கும், மாநகராட்சி என்றால் ஆணையர்.

நன்றாகக் கவனியுங்கள்: எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வுக்கும் அதே 3 கோடிதான். "நம்ம எம்.எல்.ஏ. எதிர்க்கட்சி, அவரால ஒண்ணும் ஆகாதுங்க" என்று ஊரில் சொல்லக் கேட்டு அந்தப் பக்கமே போகாமல் விட்ட வீதிகள் எனக்குத் தெரியும். அந்த நிதியில் இருந்து ஒரு ரூபாய்கூட அந்த வீதிகளுக்கு வந்ததில்லை.

மாநிலத்தில் மொத்தம் 234 எம்.எல்.ஏ.க்கள். பெரும்பான்மை பெற்ற கட்சியின் எம்.எல்.ஏ.க்கள் கூடித் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள், ஆளுநர் அவரை அழைப்பார், அவர் முதலமைச்சர். முதல்வரையும் சேர்த்து அமைச்சர்கள் 35 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அரசியல் சட்டம். உங்கள் எம்.எல்.ஏ. அமைச்சராகவும் இருந்தால், சொந்தத் துறைக்கு மட்டும்தான் அமைச்சர். மற்றத் துறைக்கு அவரும் கடிதம் எழுதுகிறவரே. மாவட்டத்துக்கு ஒரு பொறுப்பு அமைச்சர் என்று போடுவார்கள். அவர் ஆய்வுக் கூட்டம் நடத்தும் நாளில் அதிகாரிகள் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், தேங்கிய மனுவை ஞாபகப்படுத்த நல்ல நேரம்.

கூட்டணிக் கட்சி எம்.எல்.ஏ. என்றால் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. 2021 தேர்தலில் திருச்செங்கோட்டில் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியின் ஈ.ஆர். ஈஸ்வரன் உதயசூரியன் சின்னத்தில் நின்று ஜெயித்தார். தேர்தல் கணக்கில் அந்த இடம் தி.மு.க.வில் சேர்ந்தது. ஊரில் அவருக்குத் தனிக் கட்சி, தனிக் கிளை. இப்படிப்பட்ட தொகுதியில் இரண்டு கட்சிக் கிளைகளிடமும் மனுவின் நகலைக் கொடுத்து வைப்பது நல்லது.

4. வீதி யாருடையது என்று காகிதத்தில் காட்டுங்கள்

மனுக்கள் அதிகமாகச் சாவது இந்த இடத்தில்தான். பெரிய ஆள் சிபாரிசு செய்து, நிதியும் ஒதுக்கி, கடைசியில் "இடம் ஊராட்சிக்குச் சொந்தமில்லை" என்று ஒற்றை வரியில் கோப்பு திரும்பிவிடும். அதற்கு மேல் எந்தக் கட்சியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்தப் பக்கம் தோட்டத்தைப் பிரித்து சைட் போட்ட இடங்கள்தான் அதிகம். மனை விற்கும்போது 23 அடி ரோடு, 30 அடி ரோடு என்று வரைபடத்தில் காட்டியிருப்பார்கள். அந்த ரோட்டை மனை போட்டவர் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்திருந்தால்தான் அது பொது வீதி. இல்லாவிட்டால் பட்டாவில் அது இன்னும் தோட்டக்காரர் பெயரிலேயே இருக்கும். தனியார் நிலத்தில் எம்.எல்.ஏ. நிதியோ எம்.பி. நிதியோ செலவழிக்க முடியாது.

ஆகவே மனு எழுதும் முன்னால் இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீதியின் புல எண்ணும் புல வரைபடமும். அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்தில் அ பதிவேட்டையும் (எந்தப் புல எண் யார் பெயரில் என்று காட்டும் பதிவேடு) புல வரைபடத்தையும் பார்க்கலாம். வீதி "பாதை" என்று தனி உட்பிரிவாக வந்திருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

மனைப்பிரிவு அங்கீகார எண். பத்திரத்திலேயே இருக்கும். அங்கீகாரம் இல்லாத மனை என்றால், 20.10.2016க்கு முன்னால் பதிவானவற்றை வரன்முறைப்படுத்த அரசு 2017இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. உங்கள் மனைப்பிரிவு அதில் வரன்முறை ஆகியிருக்கிறதா, அந்த உத்தரவின் நகல் யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

தானப் பத்திரத்தின் நகல். மனை போட்டவரிடம் கேளுங்கள், தராவிட்டால் புல எண்ணை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், ஊராட்சி பெயருக்கு எழுதியது அதில் தெரியும். எழுதவே இல்லை என்று தெரிந்தால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு, மனை போட்டவரையோ அவருடைய வாரிசுகளையோ பிடித்து முதலில் அதை எழுத வையுங்கள். கட்சிக்காரரின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான். அதிகாரி போய்க் கேட்டால் நிலக்காரர் வக்கீலைப் பார்க்கப் போவார். ஊரில் நான்கு பேர் மதிக்கும் ஒரு ஒன்றியச் செயலாளரோ கிளைச் செயலாளரோ, "அண்ணா, சைட்டெல்லாம் வித்தாச்சு, ரோட்டை வெச்சு என்ன பண்ணப் போறீங்க, எழுதிக் குடுத்துருங்க" என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் விஷயம் முடிந்துவிடும்.

வீட்டு வரி ரசீதுகள். வீதியில் உள்ள எல்லா வீட்டுக்கும் நடப்பு ஆண்டு ரசீது இருக்கட்டும். பாக்கி வைத்திருக்கும் வீதிக்கு ஊராட்சிச் செயலர் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

படங்கள். மழை பெய்த மறுநாள் எடுங்கள். ஒரு படத்தில் மின்கம்ப எண் தெரிய வேண்டும், அப்போதுதான் எந்த இடம் என்று மறுக்க முடியாது.

5. மனுவை எழுதுவது

ஒரு மனுவில் ஒரே விஷயம். சாக்கடையும் தெருவிளக்கும் பட்டாவும் ஒன்றாக எழுதினால் மூன்று பிரிவுக்கும் சுற்றி, ஒன்றில் தங்கிவிடும். அனுப்புநர், பெறுநர், பொருள் போட்டு ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். வீதியின் பெயர், வார்டு, புல எண், நீளம் எத்தனை மீட்டர், எத்தனை வீடு, தண்ணீர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை எழுதுங்கள். கடைசியில் சொன்னதை மறந்துவிடாதீர்கள். சாக்கடை கேட்கிறவர்கள் எல்லோரும் எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்வார்கள், எங்கே முடிய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. கீழே இருக்கும் தோட்டத்துக்காரர் தண்ணீரை விட மாட்டேன் என்றால் மதிப்பீடே போட மாட்டார்கள்.

கையெழுத்துகளைத் தனித் தாளில் வாங்குங்கள். பெயர், கதவு எண், செல்போன் எண், கையெழுத்து. வாடகைக்கு இருப்பவர்களும் போடலாம். "மாண்புமிகு", "மாசற்ற தலைவர்" என்று அடுக்க வேண்டாம், பதவிக்கு உரிய மரியாதை போதும்.

மனுவில் கட்சிப் பெயரை எழுதவே எழுதாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஆட்சி மாறும், அதிகாரி மாறுவார், அந்தக் காகிதம் மட்டும் கோப்பில் இருக்கும்.

6. எந்த வரிசையில் கொடுப்பது

முதலில் ஊராட்சிச் செயலரிடமும் தலைவரிடமும் (அல்லது தனி அலுவலரிடமும்) கொடுத்து, நகலில் தேதி போட்டு முத்திரை வாங்குங்கள். அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் நடக்கும். வீட்டுக்கு ஒருவர் போய் உட்காருங்கள். உங்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படும்வரை எழுந்து வராதீர்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எம்.எல்.ஏ.விடமோ ஆட்சியரிடமோ போகும்போது "கிராம சபைத் தீர்மானம் இருக்குங்க" என்று சொல்ல முடிவது பெரிய பலம்.

மூன்றாவது, எம்.எல்.ஏ. ஒவ்வொரு தொகுதியிலும் அரசே கட்டிக் கொடுத்த எம்.எல்.ஏ. அலுவலகம் இருக்கிறது. அங்கே உதவியாளரிடம் எல்லா நகல்களையும் கொடுத்து, தொகுதி நிதியில் பரிந்துரை கேளுங்கள். கிளைச் செயலாளரையோ ஒன்றியத்தையோ கூட அழைத்துப் போனால் உள்ளே விடுவது சுலபமாக நடக்கும். போகாவிட்டாலும் மனு வாங்கிக்கொள்வார்கள்.

நான்காவது, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். காலையிலேயே போய் டோக்கன் வாங்குங்கள். மனுவைப் பதிவு செய்து எண் தருவார்கள், அந்த எண்தான் இனி உங்கள் பிடிமானம்.

7. எந்த லெட்டர் பேடு என்று பாருங்கள்

எங்கள் மனுவுக்குக் கடிதம் கொடுத்தவர் கட்சியில் ஒரு பொறுப்பு, அரசில் ஒரு பொறுப்பு என இரண்டையும் வைத்திருந்தவர். கடிதம் அடிக்க உட்கார்ந்த பையன் மேசை இழுப்பறையைத் திறந்தான், உள்ளே இரண்டு கட்டு லெட்டர் பேடு. ஒன்றில் கட்சிக் கொடியின் நிறம், மற்றதில் அரசுச் சின்னமான கோபுரம். "அண்ணா, எதுலீங்க?" என்று கேட்டான். கூட வந்திருந்த பெரியவர் ஒருவர் சட்டென்று, "கோபுரம் போட்டதுல அடி கண்ணு" என்றார்.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கட்சி லெட்டர் பேடில் வரும் கடிதத்தை அதிகாரி மரியாதையாக வாங்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். எம்.எல்.ஏ., எம்.பி., கவுன்சிலர் என்று அரசுப் பொறுப்பின் லெட்டர் பேடில் கையெழுத்தும் தேதியும் கடித எண்ணும் இருந்தால் தபால் பதிவேட்டில் ஏறும். அதை வைத்துப் பின்னால் "இந்தக் கடிதத்தின் மேல் என்ன நடவடிக்கை" என்று கேட்கலாம். கட்சிக் கடிதத்தைப் பற்றி அப்படிக் கேட்க முடியாது. கடிதத்தின் நகலை உங்கள் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள், செல்போனில் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

8. செலவு

மனுவுக்கு எந்த மட்டத்திலும் கட்டணம் கிடையாது. கணினியில் அடிக்க, நகல் எடுக்க, படம் பிரிண்ட் போட, ஸ்பீடு போஸ்ட் அனுப்ப, வில்லங்கச் சான்று எடுக்க ஆகும் செலவுதான். வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து, யாராவது ஒருவர் கணக்கு எழுதி வையுங்கள்.

"எஸ்டிமேட் போடச் செலவாகும்", "மாவட்டத்தைப் பார்க்கணும்னா சும்மா போக முடியுமா" என்று பணம் கேட்கிறவர்கள் வருவார்கள். பெரும்பாலும் இவர்களுக்குக் கட்சியில் எந்தப் பொறுப்பும் இருக்காது. வெள்ளை வேட்டியும் வண்டியில் ஒரு கொடியும் மட்டும் இருக்கும். மதிப்பீடு போடுவது ஒன்றியப் பொறியாளரின் சம்பள வேலை. கொடுக்காதீர்கள்.

சட்டப்படி மக்கள் பணம் போடும் வழி ஒன்று உண்டு, நமக்கு நாமே திட்டம். வேலையின் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். ஆட்சியர் பெயருக்கு வங்கி வரைவோலையாகக் கட்டுவார்கள், யார் கையிலும் ரொக்கமாகக் கொடுப்பதில்லை. வீதியில் எல்லோருக்கும் வசதி இருந்து, அவசரமும் இருந்தால் யோசிக்கலாம். எங்களைப் போலப் பாதிப் பேர் கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கும் வீதிக்கு அது சரிப்படாது.

9. எப்போது போவது, எப்போது போகக் கூடாது

நிதி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. தொகுதி நிதிக்கு வேலைப் பட்டியல் அதற்குப் பிறகு தயாராகும். ஆகவே மார்ச்சுக்குள் உங்கள் காகிதம் எல்லாம் எம்.எல்.ஏ. அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஜனவரியில் போய்க் கேட்டால் "இந்த வருஷத்துது முடிஞ்சுதுங்க" என்ற பதில்தான் வரும்.

சட்டமன்றம் கூடும் நாட்களில் எம்.எல்.ஏ. சென்னையில் இருப்பார். முகூர்த்த நாட்களில் ஊரில்தான் இருப்பார், ஆனால் கையில் பிடிக்க முடியாது, தாராபுரத்தில் ஒரு கல்யாணம், வெள்ளக்கோவிலில் ஒரு சீர் என்று ஓடிக்கொண்டிருப்பார். கல்யாண மண்டபத்தில் மனுவை நீட்டாதீர்கள். வாங்குவார், பக்கத்தில் நிற்பவரிடம் கொடுப்பார், அதோடு போய்விடும்.

தேர்தல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து முடிவு வரும்வரை நடத்தை விதி அமலில் இருக்கும். புதிய வேலைக்கு ஒப்புதல் தர முடியாது, குறைதீர்க்கும் கூட்டமும் நிறுத்தப்பட்டு மனுவைப் பெட்டியில் போடச் சொல்வார்கள். முன்னமே தொடங்கிய வேலை நடக்கலாம். தேர்தல் வரும் ஆண்டில் நிர்வாக ஒப்புதல் உத்தரவு அறிவிப்புக்கு முன்னால் கைக்கு வந்துவிட வேண்டும் என்று விரட்டுங்கள். அந்த நேரத்தில் ஓட்டுக் கேட்டு வரும் எல்லாக் கட்சிக்காரரும் வாக்குக் கொடுப்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பித் திங்கள்கிழமை மனு எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள்.

10. பதிலே வராவிட்டால்

தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி. 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்லக் கடமையில்லை என்று திருப்பிவிடுவார்கள். "இன்ன தேதியிட்ட, இன்ன எண் உள்ள மனுவின் மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல்", "இன்ன தொகுதியில் இந்த ஆண்டு தொகுதி மேம்பாட்டு நிதியில் பரிந்துரைக்கப்பட்ட வேலைகளின் பட்டியல்" என்று ஆவணமாகக் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பட்டியலில் உங்கள் வீதி இல்லை என்றால், யார் என்ன சொல்லியிருந்தாலும், பரிந்துரையே போகவில்லை என்று தெரிந்துவிடும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குத் திரும்பப் போகலாம்.

சட்டமன்றத்துக்கு மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. பல கட்சி எம்.எல்.ஏ.க்களும் அதில் இருப்பார்கள். மாவட்டங்களுக்கு வந்து ஆய்வு நடத்துவார்கள், வருவதற்கு முன்னால் மனு கேட்டு ஆட்சியர் அலுவலகத்தில் இருந்து செய்தி வெளியாகும். நெடுநாள் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், ஒரு மனு ஒரே துறையைப் பற்றியதாக இருக்க வேண்டும். வழக்கில் இருப்பது, தனி ஆள் பட்டா, வேலை கேட்பது எடுக்கப்படாது. இந்தக் குழுவைப் பற்றி ஊரில் பலருக்குத் தெரிவதே இல்லை. அதிகாரிகளை நேரில் உட்கார வைத்துப் பதில் கேட்கும் குழு இது, பயன்படுத்துங்கள்.

11. வேலை ஆரம்பித்த பிறகு

ஓவர்சியர் டேப் பிடித்து அளக்க வரும் நாளில் வீதியில் யாராவது இருங்கள். சுண்ணாம்பில் குறி போடும்போது கடைசி வீடு விட்டுப்போகிறதா, வாட்டம் எந்தப் பக்கம் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு வாட்டத்தை மாற்ற முடியாது.

வேலையின் பெயர், எந்த நிதி, மதிப்பீட்டுத் தொகை ஆகியவற்றைப் போட்ட பலகை வைப்பார்கள். அதைப் படம் எடுத்து மனுக் கோப்பிலேயே வையுங்கள். திறப்பு விழாவுக்கு எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் வரட்டும், மாலை போட்டு உபசரியுங்கள். உழைத்த கிளைச் செயலாளரை, அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், பெயர் சொல்லி அழைத்து முன்னால் நிறுத்துங்கள்.

சில மாதத்தில் விரிசலோ அடைப்போ தெரிந்தால் ஒப்பந்ததாரருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம். பலகையில் உள்ள வேலையின் பெயரைக் குறிப்பிட்டு, படத்தோடு, வட்டார வளர்ச்சி அலுவலர் (கி.ஊ.) பெயருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்ததாரரின் வைப்புத் தொகை அலுவலகத்தில் இருக்கும்போதே அந்தக் கடிதம் உள்ளே போய்விட வேண்டும்.